மடியில் ஒரு சட்டிக் குடல் குழம்பு

எல்லர்ஸ்லியில் நான் வேலை செய்யும் அலுவலகத்தில், திங்கட்கிழமை மதியம் நான் மைக்ரோவேவ் பக்கம் போனால் மற்றவர்கள் மெதுவாக நகர்ந்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை நான் வைக்கும் ஆட்டுக்குடல் குழம்பின் மிச்சம் அன்றுதான் என் டப்பாவில் இருக்கும். முகத்துக்கு நேராக யாரும் எதுவும் சொன்னதில்லை. ஒருமுறை ஒருவர் எழுந்துபோய் ஜன்னலைத் திறக்கப் பார்த்தார். அந்தக் கட்டடத்து ஜன்னல்கள் திறக்காது. பாவம், கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு என்னை நோக்கி வந்தவர் ஒரே ஒருவர். கணக்குப் பிரிவில் இருக்கும் ஸ்பெயின்காரப் பெண்மணி, என்னைவிடச் சில வயது மூத்தவர். என் டப்பாவை எட்டிப் பார்த்து, இது குடல்தானே என்று கேட்டார். ஆமாம் என்றேன், மன்னிப்புக் கேட்கிற குரலில். அவர் தன் மேசைக்குப் போய் ஒரு ஸ்பூனை எடுத்துக்கொண்டு வந்தார். அவர்கள் ஊரில் குடலைக் கொண்டைக்கடலையோடும் காரமில்லாத சிவப்பு மிளகாய்த் தூளோடும் மணிக்கணக்காக வேகவைப்பார்களாம். நியூசிலாந்துக்கு வந்ததிலிருந்து குடலைக் குடலென்று மதித்துச் சாப்பிடும் ஒருவரை இப்போதுதான் பார்க்கிறாராம். அப்படித்தான் எங்கள் நட்பு தொடங்கியது. குடலால் வந்த நட்பு என்று என் மனைவி சொல்வாள். அவள் குடலைத் தொடமாட்டாள், சாப்பிடவும் மாட்டாள். கழுவுவதும் சுரண்டுவதும் சமைப்பதும் எங்கள் வீட்டில் என் வேலை.

சென்ற இலையுதிர்காலத்தில் என் மகள் காரை ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஒரு விபத்து நடந்தது. அவள் மருத்துவச்சிப் படிப்பில் முதலாண்டு. பிள்ளை பெற்ற பெண்களை வீடு தேடிப்போய்ப் பார்க்கும் பயிற்சி அடுத்த பருவத்தில் தொடங்கும். அதற்குத் தனியாகக் கார் ஓட்ட உரிமம் வேண்டும். அவளிடம் இருந்ததோ காரில் மஞ்சள் பலகை மாட்டி ஓட்ட வேண்டிய லேர்னர் உரிமம். பக்கத்தில் முழு உரிமத்தோடு ஒருவர் உட்கார்ந்திருந்தால்தான் அவள் ஓட்டலாம். அந்த ஒருவர் குறைந்தது இரண்டு வருடமாவது முழு உரிமம் வைத்திருக்க வேண்டும். மனைவிக்கு உரிமம் வந்து அவ்வளவு காலம் ஆகவில்லை. ஆகவே பக்கத்து இருக்கை எனக்கு.

ஏவன்டேலில் எங்கள் வீட்டிலிருந்து புறப்பட்டால் சீக்கிரமே ஒரு ரவுண்டபவுட், சாலைகள் கூடும் வட்டம், வரும். மழை தூறிக்கொண்டிருந்த மாலை. அவள் சரியாகத்தான் உள்ளே நுழைந்தாள், சரியாகத்தான் சுற்றினாள். இடப்பக்கச் சாலையில் நிற்க வேண்டிய பின்னால் சரக்குத் தட்டுள்ள ஒரு யூட் வண்டி நிற்காமல் வந்து என் பக்கக் கதவில் மோதியது. ஓட்டியவன் சின்ன வயதுக்காரன். பெயின்ட் தொழில் செய்பவன் போல, சட்டையெல்லாம் வெள்ளைப் புள்ளிகள். இறங்கி ஓடிவந்து எங்களோடு நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தான். எனக்கு நெற்றியில் ஒரு கீறல், விலாவில் கன்றிப்போன ஒரு வலி. மகளுக்கு ஒன்றுமில்லை. இதை எல்லோரிடமும் சொன்னேன், அவளுக்கு ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று. ஆனால் அந்தச் சத்தம் எனக்குள் தங்கிவிட்டது. யாராவது குப்பைத்தொட்டி மூடியைப் படாரென்று மூடினால் இன்றும் என் கை விலாவுக்குப் போகிறது.

கார் சரிசெய்யப்பட்டு வந்தது. பழைய கதவின் வெள்ளிக்கும் புதுக் கதவின் வெள்ளிக்கும் ஒரு சின்ன வித்தியாசம். மனைவி பக்கத்து வீட்டு மரத்து எலுமிச்சம்பழங்களை வாங்கிவந்து, நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் வைத்துச் சூடம் காட்டினாள். பழங்களை நசுக்கிக்கொண்டு வண்டி கிளம்ப வேண்டும். அதுதான் முறை. மகளிடம் சாவியைக் கொடுத்தோம். அவள் சாவியைத் திரும்ப என் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"நாளைக்கு ஓட்டட்டும்" என்றாள் மனைவி.

அந்த நாளை வரவே இல்லை. வெளியே போகவர வேறு பெரிய கார் இருந்தது. சின்னக் கார் வீட்டு முன்னாலேயே நின்றது, நான்கு பழங்களையும் மிதிக்கக் காத்துக்கொண்டு. பழங்களை எடுத்துவிடலாமே என்றால் அதற்கும் எங்களில் யாருக்கும் துணிச்சலில்லை. வைத்த பழத்தை மிதிக்காமல் எடுத்தால் என்ன ஆகும் என்று மனைவிக்குத் தெரியவில்லை. நானும் ஓட்டி நசுக்கவில்லை. மகளுக்கென்று வைத்த பழம் அல்லவா என்று சொல்லிக்கொண்டேன். மஞ்சள் பழங்கள் பழுப்பாகி, பழுப்பு கறுப்பாகிச் சுருங்கின. தபால்காரர்கூட ஒருநாள் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்.

மகளைக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் ஒருவரிடம் அனுப்பினோம். ஒருமுறை போய்வந்து, இனி வேண்டாம் என்றாள். காரணம் கேட்டேன். அவர் காரில் பயமே இல்லையாம். அவர் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கிறதாம். அதில் ஓட்டிப் பழகி என்ன பயன் என்றாள். டெஸ்டுக்கான நாள் ஏற்கெனவே குறித்தாகிவிட்டது. தவறவிட்டால் பயிற்சி தள்ளிப்போகும், படிப்பே ஒரு வருடம் பின்னால் போகும். ஆறு வயதில் பொம்மைக்குப் பிரசவம் பார்த்தவள் அவள். அந்தப் பொம்மைக்குத் தலை திரும்பவில்லை என்று என்னை டார்ச் பிடிக்கச் சொன்னவள். அவள் இப்போது, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் அப்பா, இட்ஸ் ஃபைன் என்று சொல்வதைக் கேட்க என்னால் முடியவில்லை.

இதையெல்லாம் ஒரு திங்கட்கிழமை மதியம் ஸ்பெயின்காரரிடம் சொன்னேன். அந்தக் காரில் மறுபடி உட்காருவதை நினைத்தாலே வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்று ஆங்கிலத்தில் அப்படியே சொல்லிவிட்டேன். அவர் ஸ்பூனைக் கீழே வைத்தார். யார் கரைக்கிறார்கள், எவ்வளவு புளி என்று விசாரித்தார். பிறகு, எங்கள் மொழியில் இந்த இடத்துக்கு ஒன்று இருக்கிறது, அதுவும் இந்த டப்பாவுக்குள் இருப்பதைப் பற்றியதுதான் என்றார்.

அசேர் தெ த்ரிபாஸ் கொரசோன். த்ரிபாஸ் என்றால் குடல்கள், கொரசோன் என்றால் இதயம். குடல்களைக் கொண்டு இதயம் செய்வது. பயந்து நடுங்குகிற ஒருவர், பயம் போகாமலேயே, செய்ய வேண்டியதைச் செய்துமுடித்தால் அப்படிச் சொல்வார்களாம். பல் பிடுங்கப் போகிறவருக்கும் சொல்லலாம். பிடிக்காத உறவினர் வீட்டில் பிடிக்காத சாப்பாட்டைச் சிரித்துக்கொண்டே விழுங்குகிறவருக்கும் சொல்லலாம். அவர் தன் தாயை ஸ்பெயினில் விட்டுவிட்டு விமானம் ஏறியபோது, வழியனுப்ப வந்த தாய் வாசலில் நின்று தன்னைப் பற்றியே இதைச் சொல்லிக்கொண்டாராம்.

ஒரு சொல்லைக் கேட்டால் அது எங்கிருந்து வந்தது என்று நோண்டாமல் விட எனக்கு வராது. கேட்டேன். முதலில் சொன்னது யாரென்று ஒருவருக்கும் தெரியாது என்றார் அவர். ஆனால் பழசு, பல நூற்றாண்டுப் பழைய எழுத்துகளிலேயே இருக்கிறது. அந்தக் காலத்து மனிதர்கள் உடம்பை இரண்டு மாடி வீடு போல நினைத்தார்கள். துணிவு மேல் மாடியில், இதயத்தில். அவர்கள் மொழியில் துணிவைச் சொல்லும் ஒரு பழைய வார்த்தையே இதயத்திலிருந்து பிறந்ததுதானாம். பயம் கீழ் மாடியில், குடலில். பயந்தவன் முதலில் தேடுவது கழிப்பறையைத்தானே, இதற்கு ஆராய்ச்சி எதற்கு என்றார். மேல் மாடி காலியாக இருக்கிற நாளில், கீழ் மாடியில் இருப்பதை வைத்துத்தான் வேலையை முடிக்க வேண்டும்.

அவருடைய அப்பா வேறு கதை சொல்வாராம். குளிர்காலத்தில் ஊரில் பன்றி அறுக்கும்போது நல்ல துண்டுகளும் இதயமும் ஈரலும் நிலக்காரர் வீட்டுக்குப் போய்விடும், வேலை செய்தவர்களுக்குக் குடல்தான் மிஞ்சும், அதை வைத்தே அவர்கள் விருந்து சமைத்துவிடுவார்கள், அதிலிருந்து வந்ததுதான் இது என்று. எந்த அகராதியிலும் அப்படி இல்லை, அப்பா சும்மா அடித்துவிடுவார் என்று சொல்லிவிட்டு, ஆனாலும் எனக்கு அந்தக் கதைதான் பிடிக்கும் என்றார். எனக்கும் அதுதான் பிடித்தது. குடல் கழுவியவன் கட்டிய கதை என்பது கேட்டவுடன் தெரிந்தது.

ரயிலில் வீடு திரும்பும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். நாமும் பயத்தை வயிற்றில்தான் வைத்திருக்கிறோம். புளி கரைவது அங்கே, கலக்குவது அங்கே, பிள்ளை வீடு திரும்ப நேரமானால் பற்றி எரிவதும் அங்கேதான். ஆனால் துணிய வேண்டிய நேரம் வந்தால் நாம் வயிற்றை அப்படியே விட்டுவிட்டு மனசுக்குப் போகிறோம். மனசைக் கல்லாக்கிக்கொள்கிறோம். நான் இந்த ஊருக்கு விமானம் ஏறியபோது வீட்டில் எல்லோரும் எல்லோருக்கும் சொன்னது அதுதான். கல்லாக்க வேண்டுமென்றால் முதலில் பயம் வெளியே போக வேண்டும், கல்லுக்குள் அதற்கு இடமில்லை. ஸ்பெயின்காரர்கள் சொல்வதில் பயத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. கையில் இருக்கும் சரக்கே அதுதான்.

இரவுச் சாப்பாட்டில் இதை வீட்டில் சொன்னேன். மகள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மனைவி தோசையைத் திருப்பிப் போட்டபடி சொன்னாள்:

"அவங்க குடலை மனசாக்கிக்கிறாங்க, நாம மனசைக் கல்லாக்கிக்கிறோம். உங்களுக்குக் கல்லும் வராது, குடலும் வராது. குழம்பு ஒண்ணுதான் வரும்."

மகள் சிரித்தாள். விபத்துக்குப் பிறகு அந்த மாதிரிச் சிரிப்பு அதுதான் முதல் தடவை. சிரிப்பு அடங்கும் முன்பே கேட்டுவிடலாம் என்று, ஏன்ம்மா ஓட்டமாட்டேங்குற என்று கேட்டேன்.

"அப்பா, நீங்க ஒரு சவுண்ட் விடுவீங்க, தெரியுமா?"

"என்ன சவுண்ட்?"

"ஸ்ஸ்ஸ்னு. அம்மா தோசை ஊத்துற மாதிரி. ஒவ்வொரு கார் வரும்போதும். கால் வேற தரையில அழுத்தும். ஆக்சிடென்ட்டுக்கு முன்னாடியே அப்படித்தான். இப்ப உங்க நெத்தியில ரத்தம் வந்தத வேற பாத்துட்டேன். எனக்கு என் பயம் ஓகே அப்பா. நீங்க பக்கத்துல உக்காந்தா ரெண்டு பேர் பயத்தையும் நான்தான் ஓட்டணும்."

மனைவி தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மாவு ஊற்றினால் அந்தச் சத்தம் வருமே என்று ஊற்றாமல் இருந்தாள் என்று நினைக்கிறேன்.

சத்தம் போடாமல் உட்காருகிறேன் என்று நான் சொல்லவில்லை. சொன்னாலும் அவள் நம்பியிருக்கமாட்டாள். சில நாள் கழித்து வந்த ஞாயிற்றுக்கிழமைதான் வழி கிடைத்தது. அன்று ஸ்பெயின்காரரை முதல்முறையாகச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தேன். ஒட்டாஹுஹு பக்கம் ஓர் இறைச்சிக் கடையில் முன்கூட்டியே சொல்லிவைத்து ஆட்டுக்குடல் வாங்கி, வெந்நீரில் போட்டுச் சுரண்டி, கல் உப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து அலசி, சின்ன வெங்காயமும் சோம்பும் தேங்காயும் அரைத்துவிட்டுக் குழம்பை இறக்கும்போது அவரிடமிருந்து போன் வந்தது. தோட்டத்தில் கால் பிசகிவிட்டதாம், கணுக்கால் வீங்கியிருக்கிறதாம். வர முடியவில்லை என்பதைவிட, குடல் போய்விட்டதே என்றுதான் அவருக்கு வருத்தம்.

அவர் வீடு நியூ லின்னில், கொஞ்ச தூரம்தான். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரலாம் என்று பெரிய காரின் சாவியைத் தேடினேன். அந்தக் காரை எடுத்துக்கொண்டு மனைவி வேலைக்குக் கிளம்பத் தயாராக நின்றாள். மகள் அடுப்படி வாசலில் நின்று சட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நான் ஓட்டுறேன். ஆனா சட்டி உங்க மடியில இருக்கணும். ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கணும். கண்ணு சட்டி மேல. ரோட்டுல இல்ல."

மனைவி சட்டியின் மூடியைத் துணி போட்டுக் கட்டினாள். ஒரு தடிமனான துண்டை மடித்து என் தோளில் போட்டாள். வாசல்வரை வந்து, புதுப் பழம் வைக்கட்டுமா என்று கேட்டாள். அம்மா, ப்ளீஸ் என்றாள் மகள். அந்தக் காய்ந்த பழங்கள் நசுங்கியபோது ஈரமான சத்தமெல்லாம் வரவில்லை. உலர்ந்த சுள்ளி ஒடிகிற மாதிரி, முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. கண்ணாடியில் பார்த்தேன். மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

சூடான குழம்பு நிறைந்த சட்டியை மடியில் வைத்துக்கொண்டு காரில் போனவர்களுக்குத் தெரியும். உலகத்தில் வேறு கவலையே இருக்காது. துண்டையும் தாண்டிச் சூடு தொடையில் ஏறியது. வண்டி வளைந்தால் குழம்பும் வளைந்தது, மூடிக்கடியில் அது புரளுவது உள்ளங்கையில் தெரிந்தது. மகள் எப்போதும் இல்லாத மென்மையோடு ஓட்டினாள். பிரேக்கை அவள் தொட்டதை நான் சட்டியின் வழியாகத்தான் உணர்ந்தேன். கார் முழுக்கச் சோம்பு வாசனை.

ரவுண்டபவுட் வருவது, பார்க்காமலேயே தெரிந்தது. வண்டி வேகம் குறைந்தது. ரைட்ல பாரு, ரைட்ல பாரு என்று அவள் தனக்குத்தானே முணுமுணுத்தாள். என் கண் சட்டியை விட்டு எழுந்துவிட்டது. இடப்பக்கச் சாலையில் ஒரு யூட். அதே வண்டி அல்ல, ஆனால் அதே மாதிரி வெள்ளை, எங்களை நோக்கி மூக்கை நீட்டிக்கொண்டு. என் கால் தரையை அழுத்தியது. அந்தச் சத்தம் தொண்டைவரை வந்துவிட்டது. அதை விழுங்கப் பார்த்தேன், முடியவில்லை. அது வார்த்தையாக வெளியே வந்தது.

"எனக்குப் பயமா இருக்கும்மா."

"எனக்கும்தான் அப்பா. சட்டியப் பிடிங்க."

பிடித்தேன். அவள் உள்ளே நுழைந்தாள், சுற்றினாள். யூட் நின்றது. ஓட்டியவர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்தினார், இந்த ஊரில் வழிவிடுகிறவர்களும் வழிவாங்குகிறவர்களும் செய்வது போல. மகளும் ஒரு விரலை உயர்த்தினாள். நாங்கள் வெளியே வந்துவிட்டோம். நான் மறுபடி சட்டியைப் பார்த்துக்கொண்டேன். நியூ லின் நெருங்கும்போது, இன்டிகேட்டர் போட்டுக்கொண்டே, இப்படிச் சொன்னா பரவால்ல அப்பா, அந்த சவுண்டுக்கு இது பெட்டர் என்றாள்.

ஸ்பெயின்காரர் ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு கதவைத் திறந்தார். மூடி கட்டியதையும் மீறிக் கொஞ்சம் குழம்பு கசிந்து என் கால்சட்டையில் பெரிய சிவப்பு வட்டமாக ஆகியிருந்தது. அதைப் பார்த்து ஒரு கணம் திடுக்கிட்டுப்போனார், மறுபடியும் விபத்தோ என்று. பிறகு வாசனை வந்தது. நின்றபடியே மூடியைத் திறந்து சாப்பிடத் தொடங்கிவிட்டார். யார் ஓட்டிவந்தது என்று கேட்டார். மகள் சாவியை உயர்த்திக் காட்டினாள். அவர் தன் மொழியில் அவளிடம் ஏதோ சொல்லிக் கன்னத்தைத் தட்டினார். என்ன சொன்னார் என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் ஓட்டப் பழகிய விதத்தைப் பார்த்த அக்கம்பக்கத்தார் எங்களைப் பற்றி என்ன நினைத்தார்களோ. தினமும் குடல் கிடைக்காதே. குழம்பு இல்லாத நாளில் சட்டி நிறையத் தண்ணீர். சட்டி என் மடியில், மகள் ஸ்டீயரிங்கில், மஞ்சள் பலகை பின்கண்ணாடியில். திடீர் பிரேக் போட்டால் நான் நனைந்துவிடுவேன். குளிர்காலத்தில் அது சாதாரண தண்டனை அல்ல. நனைந்த கால்சட்டையோடு வீட்டுக்குள் வரும் என்னைப் பார்த்து மனைவி, இன்னிக்கு எத்தனை சிக்னல் என்று கேட்பாள். பயம் வரும்போதெல்லாம் சொல்லிவிடுவேன். பஸ் பக்கத்தில் வந்தால் பயமாயிருக்கிறது, மோட்டார்வே அதிவேகச் சாலையில் சேரும்போது ரொம்பப் பயமாயிருக்கிறது. அவள், சரி, சட்டி என்பாள். அவள் பயத்தையும் சில நேரம் சொல்வாள். அப்போது நானும், சரி, சட்டி என்பேன்.

டெஸ்டில் தேறிவிட்டாள். வெளியே வந்ததும் முதலில் சொன்னது, அந்த அதிகாரி மடியில் ஒண்ணுமே இல்ல அப்பா, ஒரு மாதிரி இருந்துச்சு என்பதைத்தான்.

இப்போது பயிற்சி தொடங்கிவிட்டது. இன்று காலை மனுரேவாவில் ஒரு வீட்டுக்குப் போயிருக்கிறாள். தாய் வீடு திரும்பி இரண்டு நாள்தான் ஆகிறதாம், பிள்ளை பால் சரியாகக் குடிக்கவில்லையாம். தெற்கு மோட்டார்வேயில் தனியாக. போய்ச் சேர்ந்ததும் மெசேஜ் போடு என்று நான் சொல்வதுண்டு. அவள் எழுதமாட்டாள். வண்டியை நிறுத்தியதும் ஒரு சட்டியின் படத்தை மட்டும் அனுப்புவாள். அதைப் பார்த்தால்தான் எனக்கு மூச்சு வரும். பழகிவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு இன்னும் பழகவில்லை. பழகும் என்றும் தோன்றவில்லை.

வீட்டில் யாருமில்லை. பாத்திரம் கழுவும் தொட்டியில் குடல் கிடக்கிறது. போன் ஜன்னல் விளிம்பில், திரை என்னைப் பார்க்கும்படி. சட்டி இன்னும் வரவில்லை. மழை பெய்கிறது, வழியில் விரி என்ற இடத்தில் லாரிகள் நெருக்கும், மெதுவாகத்தான் போவாள். இரண்டாவது முறை மஞ்சள் போட்டுத் தேய்க்க வேண்டும். தேய்க்கிறேன்.